கிரெபெஸ்தாத்: கடல் இறங்கிப்போன கரையும் கல்லில் கொத்திய வள்ளங்களும்

சுவீடனின் மேற்குக் கரையில், நோர்வே எல்லையிலிருந்து கொஞ்சம் தெற்கே, ஸ்காகெராக் கடலைப் பார்த்தபடி கிரெபெஸ்தாத் என்றொரு சின்ன மீன்பிடி ஊர் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு பேரளவில் வசிக்கிறார்கள். டானும் என்ற உள்ளூராட்சிப் பிரிவில், பூஹுஸ்லான் என்ற பழைய மாகாணத்தில் அடங்கும் ஊர். ஒஸ்லோவிலோ கோத்தன்பேர்க்கிலோ உறவினர் உள்ள, வட இலங்கையின் வன்னிக் குடும்பங்கள் நிறைய. விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, சிவப்பு மை தீட்டிய பாறைச் சித்திரங்களைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். படத்தில் கல் இருக்கிறது, கடல் இல்லை. கடல் எங்கே நின்றது என்று தெரியாமல் அந்தக் கல்லைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். ஆகவே மட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

கடைசிப் பனியுகத்தில் ஸ்கன்டினேவியா முழுவதும் பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. நடுப்பகுதியில் அதன் தடிப்பு ஏறக்குறைய 3 கிலோமீற்றர். அந்தப் பாரத்தில் நிலம் பல நூறு மீற்றர் அமுங்கிப்போனது. ஏறக்குறைய 14,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன் பூஹுஸ்லானை விட்டுப் பனி விலகியபோது, அமுங்கிய நிலத்தின்மேல் கடல் ஏறி நின்றது. அன்றைய கரை இன்றைய மட்டத்துக்கு நூறு மீற்றருக்கும் மேலே. பிறகு நிலம் எழத் தொடங்கியது. நெல்மூட்டைகளை இறக்கியதும் ட்ரெயிலரின் வில் மேலெழுவது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே அடியில் இருப்பது மிக மெதுவாக நகரும் சூடான பாறை என்பதால் எழுச்சி இன்னும் முடியவில்லை. வடக்கு பூஹுஸ்லானில் இன்றைக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். கிழக்கே பொத்னியா வளைகுடாவின் ஓரத்தில் 8 முதல் 10 மில்லிமீற்றர். அங்கே ‘உயர் கரை’ எனப்படும் பகுதியில் பழைய கரைக்கோடு 286 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

இதை முதலில் அளக்க முனைந்தவர்களில் ஒருவர், வெப்பமானியின் அளவுக்குப் பெயர் கொடுத்த அன்டர்ஸ் செல்சியஸ். 1731 இல் கிழக்குக் கரையின் ஒரு பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாகக் கொத்திவைத்தார். கடல்நீர் குறைந்துகொண்டு போகிறது என்பது அவருடைய எண்ணம். நிலம்தான் எழுகிறது என்பது பின்னர்தான் உறுதியானது. 1834 இல் நிலவியலாளர் சாள்ஸ் லயல் சுவீடனுக்குப் போய் அந்தக் கோட்டுக் குறியையும், பூஹுஸ்லானின் உத்தெவல்லாவில் கடலைவிட்டு உயரே கிடக்கும் சிப்பிப் படைகளையும் நேரில் பார்த்தார்.

நிலம் எழுவதால் சுவீடனில் உயரக் கணக்குக்கே ஆண்டு குறிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பயன்படும் தேசிய உயர முறையின் பெயர் ஆர்.எச். 2000. அதாவது 2000 ஆம் ஆண்டில் நிலம் எங்கே நின்றதோ அந்தக் கணக்கு. அதற்கு முந்திய முறை 1970 க்குரியது. பழைய வரைபடத்தில் உள்ள உயரத்தைப் புதியதோடு நேரே ஒப்பிட்டால் பிழைக்கும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு ஆண்டில் நிலம் நின்ற நிலையைக் கணக்கெடுப்பவை. பழைய அகழ்வுக் குறிப்புகளில் உயரம் கண்டால் முதலில் எந்த முறை என்று பார்க்க வேண்டும்.

இனி ஊரின் நிலத்தைப் பார்ப்போம். கரையோரமெல்லாம் மொட்டைப் பாறை. ஏறக்குறைய 92 கோடி ஆண்டு பழமையான கருங்கல். பனிப்பாளம் அதன்மேல் ஊர்ந்து போனபோது அடியில் சிக்கிய கற்களும் மணலும் பாறையைத் தேய்த்து வழுவழுப்பாக்கின. பனி வந்த பக்கம் சரிவாகவும் மிருதுவாகவும் இருக்கும். போன பக்கம் கல் பிடுங்கப்பட்டு முரடாக, படிபோல உடைந்து நிற்கும். ஒரு பாறையைச் சுற்றி நடந்தாலே பனி எந்தத் திசையில் போனது என்று சொல்லிவிடலாம். சித்திரம் கொத்தியவர்கள் தெரிந்தெடுத்ததும் அந்த வழுவழுப்பான சரிவுகளைத்தான்.

பாறைகளுக்கு நடுவே தட்டையான வயல்கள். அந்த வயல் மண் கடலடியில் படிந்த களி. வாய்க்கால் வெட்டும்போது சாம்பல்நீலமாக, சில இடங்களில் சிப்பித்துண்டுகளோடு வெளிப்படும். இந்தக் களிக்கு ஆபத்தான ஒரு குணம் உண்டு. கடலில் படிந்தபோது உப்புதான் களித்துணிக்கைகளைப் பிணைத்து வைத்தது. நிலம் எழுந்த பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டு மழை அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போனது. கட்டமைப்பு மட்டும் மிஞ்சியது, பிணைப்புப் போய்விட்டது. பாரம் கூடினாலோ அடியை ஆறு அரித்தாலோ களி சடுதியாகக் கூழாகி ஓடும். 1977 இல் கோத்தன்பேர்க்கின் தூவே பகுதியில் வீடுகளோடு நிலம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். 2023 செப்டெம்பரில் ஸ்டெனுங்ஸுண்ட் அருகே இ6 நெடுஞ்சாலையே பிளந்து இறங்கியது. கிரெபெஸ்தாத்துக்குக் கோத்தன்பேர்க்கிலிருந்து வருபவர்கள் பயன்படுத்துவது அதே நெடுஞ்சாலை. பழைய கடலடியின்மேல் ஒரு நாடு வீதி போட்டு வீடு கட்டி வாழ்கிறது என்பதை இந்தச் சரிவுகள் காட்டுகின்றன.

கரைக்கு வெளியே நிறையப் பாறைத் தீவுகள். வடக்கே உள்ள கொஸ்டர் கடற்பகுதி 2009 இல் சுவீடனின் முதலாவது கடல்சார் தேசியப் பூங்காவானது. அங்கே கடலடிப் பள்ளம் 200 மீற்றருக்கும் ஆழம். உப்புச்செறிவு கூடிய குளிர்நீர் உள்ளே வருவதால் சிப்பியும் நண்டு வகைகளும் நன்றாக விளைகின்றன. சுவீடனில் எடுக்கப்படும் சிப்பியில் ஏறக்குறைய 90 வீதம் கிரெபெஸ்தாத் கடலிலிருந்துதான் வருகிறது என்று சொல்வார்கள். 1747 முதல் 1809 வரை ஹெரிங் மீன் பெருந்தொகையாகக் கரைக்கு வந்த காலம் பூஹுஸ்லானின் மீனவ ஊர்கள் பலவற்றைப் பெருக்கியது. அதற்கு முன் 1658 வரை இந்த மாகாணம் நோர்வேயோடு இருந்தது. அதனால்தான் இங்குள்ள பாறைச் சித்திரம் ஒன்றை முதன்முதலில் வரைந்து வைத்தவர், 1627 இல், அன்றைய கிறிஸ்டியானியாவிலிருந்து, அதாவது இன்றைய ஒஸ்லோவிலிருந்து வந்த ஆசிரியர் பேடர் அல்ஃப்சோன்.

சித்திரங்கள் வெண்கலக் காலத்தவை, ஏறக்குறைய கி.மு. 1700 முதல் கி.மு. 500 வரை. கிரெபெஸ்தாத்திலிருந்து சில கிலோமீற்றர் உள்நாட்டுப் பக்கம், டானும்ஸ்ஹேடே என்ற ஊருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கின்றன. 1994 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் மட்டும் 600 வரையான பாறைத்தளங்கள். மக்கள் பார்வைக்கு ஒழுங்குசெய்யப்பட்டவை நான்கு: விட்லிக்கே, அஸ்பேபெரியெட், லிட்ஸ்லேபி, ஃபொசும். விட்லிக்கேயில் ஒரே தளம் ஏறக்குறைய 22 மீற்றர் நீளம், 300 வரையான உருவங்கள். லிட்ஸ்லேபியில் ஈட்டி ஏந்திய ஒரு ஆளுருவம் 2.3 மீற்றர் உயரம். ஃபொசுமில் உருவங்கள் நெருக்கமாகவும் மிக நேர்த்தியாகவும் உள்ளன. ஒரு நாளில் ஒரு தளத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஃபொசுமைத்தான் சொல்வேன். சனநெரிசல் குறைவு, கொத்துவேலையின் நிதானம் தெளிவாகத் தெரியும்.

அதிகம் இருப்பவை சிறு கிண்ணக்குழிகள். அதற்கடுத்து வள்ளங்கள். அடிக்கட்டை ஒரு கோடு, மேல்விளிம்பு இன்னொரு கோடு, இரண்டும் முனைகளில் கொம்புபோல வளைந்து எழும். மேலே நிற்கும் சின்னச் சின்னக் கோடுகள் துடுப்பு வலிப்பவர்கள். இப்படி ஒரு வள்ளம் கட்ட முடியுமா என்ற கேள்விக்கு டென்மார்க்கின் அல்ஸ் தீவில் விடை கிடைத்தது. 1921, 1922 இல் ஹ்யோர்ட்ஸ்பிரிங் சதுப்பில் தோண்டியெடுத்த பலகை வள்ளத்துக்கு இரு முனையிலும் அதே இரட்டைக் கொம்பு. நீளம் ஏறக்குறைய 19 மீற்றர், இருபது பேரளவில் துடுப்புப் போடலாம். காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டு. சித்திரக் காலம் முடிந்து சற்றுப் பிந்தியது என்றாலும் கட்டுமுறை அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான். பாறையில் உள்ள வள்ளங்களின் காலத்தைக் கணிக்க வெண்கலப் பொருள்களில் பொறித்த வள்ள உருவங்கள் உதவுகின்றன. டென்மார்க்கின் ரொர்பி வாளில் உள்ள வள்ளம் அவற்றுள் மிகப் பழையது.

இப்போது முக்கிய விடயம். கரையிலிருந்து உள்ளே, வயலோரத்தில், ஏன் இத்தனை வள்ளங்கள்? வெண்கலக் காலத் தொடக்கத்தில் அங்கே கடல் இன்றையதைவிட ஏறக்குறைய 15 மீற்றர் உயரத்தில் நின்றது. இன்று தானியம் விளையும் தட்டை நிலத்தின் பெரும்பகுதி அன்று ஆழம் குறைந்த கடற்கழி. கோத்தன்பேர்க் பல்கலைக்கழகத்தின் யோஹான் லிங் பாறைத்தளங்களின் உயரத்தையும் பழைய கரைக்கோட்டையும் பொருத்திப் பார்த்து, கணிசமான சித்திரங்கள் அன்றைய கரையோடு ஒட்டியே இருந்தன என்று காட்டினார். வயல் நடுவே வள்ளம் வரைந்த விவசாயிகள் என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. செம்பையும் வெள்ளீயத்தையும் கடல்வழி கொண்டுவந்த ஒரு சமூகம், வள்ளம் வந்து தரிக்கும் இடத்தில் வள்ளத்தைக் கொத்தியது என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

இதை நீங்களே வரைந்து பார்க்கலாம். சுவீடன் நில அளவைத் திணைக்களத்தின் இணைய வரைபடத்தில் சமவுயரக் கோடுகளோடு அந்தப் பகுதியை எடுத்து அச்சிடுங்கள். 15 மீற்றர் கோட்டுக்குக் கீழுள்ளதெல்லாவற்றையும் நீலப் பென்சிலால் நிரப்புங்கள். கோடு 5 மீற்றர் இடைவெளியில் இருந்தால் 15 நேரே கிடைக்கும். 10 மீற்றர் இடைவெளி என்றால் 10 க்கும் 20 க்கும் நடுவை மதிப்பிட வேண்டும், அது செங்குத்துச் சரிவில் பரவாயில்லை, தட்டை வயலில் நூறு மீற்றர் கணக்கில் பிழைக்கும். அடுத்து 10 மீற்றருக்கு இன்னொரு நிறம், அது ஏறக்குறைய வெண்கலக் கால முடிவின் கரை. பிறகு தேசிய தொல்பொருள் பதிவேட்டின் இணைய வரைபடத்திலிருந்து பாறைத்தளங்களைப் புள்ளியிடுங்கள். புள்ளிகள் நீலத்தின் விளிம்பில் கூட்டம் கூடுவது கண்ணுக்குத் தெரியும். இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாறைக்குப் போனால், முன்னாலுள்ள வயல் எந்தப் பக்கம் திறந்து கடலோடு சேர்ந்தது என்று அங்கேயே நின்று கை நீட்டிச் சொல்லலாம்.

சித்திரத்தைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. நண்பகல் வெளிச்சத்தில், மை தீட்டாத ஒரு பாறையில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. கொத்தின் ஆழம் பல இடங்களில் சில மில்லிமீற்றர்தான். அதைக் காட்டுவது நிழல், நிழல் விழச் சூரியன் தாழ இருக்க வேண்டும். டானும் 58.7 பாகை வடக்கில் இருக்கிறது. யூன் மாதம் சூரியன் உச்சியில் நிற்கும்போது 55 பாகை. எங்கள் வன்னியில் டிசெம்பரிலேயே நண்பகல் சூரியன் 57 பாகைக்கு மேல். அதாவது அவர்களுடைய மிக உயர்ந்த சூரியன் எங்களுடைய மிகத் தாழ்ந்த நண்பகலைவிடத் தாழ்வு. ஒக்டோபர் நடுவில் அங்கே நண்பகலிலும் 23 பாகைதான், நாள் முழுவதும் சாய்வெளிச்சம். கோடையில் போனால் மாலை எட்டு மணிக்குப் பிறகு பாருங்கள், இரவு பத்து கடந்துதான் மறையும்.

டோர்ச் லைட் வைத்துப் பார்ப்பதானால் இருட்டு வேண்டும். யூன், யூலையில் இருட்டே அரிது, ஓகஸ்ட் கடைசியிலிருந்து சரிவரும். ஒருவர் டோர்ச்சைப் பாறையோடு ஒட்டியதுபோலத் தாழ, மேற்பரப்புக்கு 10 முதல் 15 பாகைச் சாய்வில், ஒன்றரை மீற்றர் தள்ளிப் பிடிக்க வேண்டும். மற்றவர் கமராவை முக்காலியில் வைத்துப் பாறைக்கு நேரே மேலிருந்து எடுக்க வேண்டும். டோர்ச் கிட்ட வந்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்துப்போகும். வெளிச்சம் கோட்டுக்குக் குறுக்கே விழுந்தால்தான் கோடு எழும். கோட்டின் நீளத்துக்கு விழுந்தால் அப்படியே மறைந்துவிடும். ஆகவே குறைந்தது நாலு திசையிலிருந்து எடுக்க வேண்டும். வள்ளத்தின் அடிக்கட்டை ஒரு திசையில்தான் வரும், துடுப்புக்காரர் அதற்குக் குறுக்குத் திசையில்தான் வருவார்கள். ஒரே படத்தை நம்பி ஆளில்லா வள்ளம் என்று எழுதிவிடக்கூடாது.

பாறையில் உள்ள எல்லாக் கோடும் மனிதக் கை போட்டதல்ல. பனி கீறிய கோடுகள் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, பாறை முழுக்க ஓடும். கொத்திய கோட்டை விரல் நுனியளவுக்குக் கிட்டப் பார்த்தால் அடிப்பகுதி வட்டமாக, சின்னச் சின்ன அடித்தடங்களால் ஆனது தெரியும். பனிக்கீறல் வழவழவென்று இருக்கும். கல்லின் வெடிப்பு கூர்மையாக, ஆழமாகப் போகும், இடையில் முறிந்து திசை மாறும். அரைவட்டக் குழாய்த் தடங்கள் வரிசையாக, சம இடைவெளியில் இருந்தால் அது 19 ஆம், 20 ஆம் நூற்றாண்டுக் கல்லுடைப்புக்காரரின் துளைகள். பாறை ஈரமாக இருக்கும்போது சில கோடுகள் கறுத்துத் தெளியும், ஆனால் நீர் வழிந்த தடமும் கோடுபோலவே தெரியும். காய்ந்தபின் இன்னொரு முறை பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

சிவப்பு மை பழங்காலத்தது என்று நினைப்பவர்கள் பலர். அது பார்வையாளருக்காக எங்கள் காலத்தில் தீட்டியது. வசதிதான், ஆனால் தீட்டியவருக்குத் தெரிந்த கோடு மட்டும் சித்திரமாகிவிடுகிறது, தெரியாமல் விட்டது இல்லாமலே போகிறது. மை உரியும்போது கல்மணியையும் கொண்டுபோகும் அபாயம் உண்டு. புதிதாகத் தீட்டுவதைத் தவிர்க்கும் போக்கு இப்போது வலுத்திருப்பது நல்லதே. பாறையைக் கெடுப்பது உறைபனிதான் முதலில்: வெடிப்புக்குள் போன நீர் உறைந்து விரிவதால் மேற்தோல் செதிலாகக் கழன்று விழும். அமிலமழை, கல்லில் ஒட்டி வளரும் பாசிக்காளான், மேலே ஏறி நடக்கும் காலணி எல்லாம் அதோடு சேரும். சோக்கால் கோட்டை நிரப்பிப் படமெடுக்கும் பழக்கம் முற்றாகக் கூடாது, துகள் கல்மணிகளுக்கிடையே தங்கிவிடும். காகிதம் விரித்துத் தேய்த்துப் படியெடுப்பதும் பழகியவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை. வருபவர்களுக்குப் படமே போதும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எழுபது, எண்பது வீதம் மேற்படியும்படி, அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி எடுத்தால் பிறகு கணினியில் முப்பரிமாண உருவாக்கலாம்.

கிரெபெஸ்தாத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வடக்கே கிரேபி. பூஹுஸ்லானின் மிகப் பெரிய இடுகாடுகளில் ஒன்று. 180 க்கும் மேற்பட்ட தாழ்ந்த மண்மேடுகள், நடுநடுவே நட்ட கற்கள். சில கற்கள் ஆளுயரத்தை நன்றாக விஞ்சும். சித்திரங்களோடு இதைக் குழப்பக்கூடாது, இது இரும்புக் காலம், பெரும்பாலும் கி.பி. 400, 500 அளவு. 1873 இல் தொல்லியலாளர் ஒஸ்கார் மொன்டேலியஸ் சில மேடுகளைத் திறந்தார். எரித்த எலும்பு, மட்பாண்டம், எலும்புச் சீப்பு, கண்ணாடி மணி கிடைத்தன. வெளிநாட்டிலிருந்து கொள்ளையிட வந்த படையினரைப் புதைத்த இடம் என்று ஊரில் ஒரு பழங்கதை உண்டு. மேடுகளில் கிடைத்த பொருள்கள் உள்ளூர்க் குடிகளின் அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை. மேடுகளின்மேல் ஏறாமல் இடையே உள்ள நடைபாதையில் போங்கள். ஆடு மாடு மேய்வதால்தான் புதர் மண்டாமல் இருக்கிறது, படலையைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும்.

போகிற வழி சுலபம். ஒஸ்லோவுக்கும் கோத்தன்பேர்க்குக்கும் ஏறக்குறைய நடுவில் டானும் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்தும் இ6 வழியாக 150 கிலோமீற்றரளவு. டானும்ஸ்ஹேடேயில் இறங்கினால் விட்லிக்கே அருங்காட்சியகம் கிட்ட. வீதியோரம் நாலு மூலையிலும் வளையம் போட்ட சதுரக் குறி கண்டால் அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது. தனியார் நிலத்தில் நடக்க அந்த நாட்டில் பொது உரிமை இருக்கிறது. ஆனால் விளைந்த வயலை மிதிக்கவும் வீட்டு முற்றத்தை நெருங்கவும் உரிமையில்லை. 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லிடம் எதையும் கிளறவோ சேதப்படுத்தவோ கூடாது. உலோகங்காட்டி கொண்டு திரிவதற்கு முன்கூட்டிய அனுமதி வேண்டும். நல்ல அடிப்பிடி உள்ள சப்பாத்துப் போடுங்கள், ஈரப் பாறை கடுமையாக வழுக்கும்.

இனி வன்னிக்கு வருவோம். சுவீடனை அமுக்கிய அதே பனிதான் எங்கள் கரையையும் மாற்றியது. உலகின் தண்ணீரில் அவ்வளவு பங்கு பனியாகக் கட்டியபடியால் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்து கிடந்தது. பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கும் ஆழம் குறைந்தது. அது அன்று நடந்து கடக்கும் தரை. பனி உருகி நீர் திரும்பியபோது, ஏறக்குறைய 7000 ஆண்டுகளுக்கு முன், தீவு பிரிந்தது. அங்கே கடல் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஏறியது. அதன்பிறகு ஒரு கட்டத்தில் இங்கே கடல் இன்றையதைவிட ஒன்றிரண்டு மீற்றர் உயர்ந்து நின்று பிறகு தாழ்ந்தது.

அங்கே 15 மீற்றர், இங்கே ஒன்றரை மீற்றர் என்றால் இங்கே சின்ன விடயம் என்று தோன்றும். வன்னியின் மேற்குக் கரை எவ்வளவு தட்டை என்பதை மறக்கக்கூடாது. ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு என்று எடுத்தால், ஒன்றரை மீற்றர் கடலேற்றம் கரையை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே தள்ளும். மாந்தையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசியப் பூச்சுப் பாண்டமும் கிடைத்த பெருந்துறை. இன்று அதைச் சூழ்ந்த நீர் ஆழமற்றது. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ் பல்கலைக்கழகம் செய்த அகழ்வையும், இரணைமடுவின் செம்மண்ணுக்கு அடியிலுள்ள பரல்படையில் கிடைக்கும் கற்கருவிகளையும் பற்றிக் கதைக்கும்போதும் முதற்கேள்வி உயரமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பரல்படைதான் வீதிக்குக் கிரவல் என்று வெட்டியெடுக்கப்படுகிறது. அடுக்கு அடுக்காகப் படிந்த ஒரு காலக்கணக்கு டிப்பரில் ஏறிப் போவது பொறுக்க முடியாத இழப்பு.

ஆனால் டானும் முறையை அப்படியே இங்கே பாவிக்க முடியாது. கைபேசி காட்டும் உயரம் பத்து மீற்றர்கூடப் பிழைக்கும். சில செயலிகள் கடல்மட்டத்துக்குத் திருத்தாத எண்ணையே காட்டும். அப்படியானால் முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்கும்போது உங்கள் உயரம் சைபருக்கு 90, 100 மீற்றர் கீழே என்று வரும், கிரெபெஸ்தாத் துறையில் ஏறக்குறைய 35 மீற்றர் மேலே என்று வரும். குளத்து அளவுகோலையும் நம்ப வேண்டாம். இரணைமடு 36 அடி என்பது நீரின் ஆழக் கணக்கு, கடல்மட்ட உயரம் அதுவல்ல.

மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். ஒளிபுகும் குழாய் 20 மீற்றர், அளவு குறித்த தடி இரண்டு, தண்ணீரில் துளி நிறம். குழாயை ஒரு முனையால் மெல்ல நிரப்பி, குமிழி ஒன்றுமில்லை என்று முழு நீளமும் பார்க்க வேண்டும். ஒரு குமிழி நின்றாலே வாசிப்புப் பிழைக்கும். நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்கல்லிலோ, உயரம் எழுதிய ரயில் நிலையத்திலோ தொடங்குங்கள். இரண்டு தடியையும் 18 மீற்றர் தள்ளி நிமிர்த்தி, விரலை எடுத்து, நீர் ஆடி அடங்கியபின் இருபக்கமும் வாசித்து வித்தியாசத்தை எழுத வேண்டும். பின்தடியை முன்னே கொண்டுபோய்த் தொடர வேண்டும். அரைக் கிலோமீற்றருக்கு 28 நிலை வரும். ஒரு நிலைக்கு 3 மில்லிமீற்றர் பிழை ஒரே பக்கம் சேர்ந்தாலும் மொத்தம் 84 மில்லிமீற்றர்தான், ஒன்றரை மீற்றர்க் கேள்விக்கு அது தாராளம். குழாயின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் இரு பக்க நீரின் அடர்த்தி மாறி மட்டம் விலகும், காலையில் செய்யுங்கள். கடைசியில் தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து மூடினால்தான் கணக்கு நம்பத்தக்கது.

கடல்மட்டத்தை நேரே கரையில் எடுக்க வேண்டி வந்தால் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு அரை மீற்றரளவுதான் என்றாலும் இந்த வேலையில் அது பெரிய எண். நந்திக்கடல் போன்ற களப்பு ஓரத்தை அடிமட்டமாக எடுக்கவே கூடாது. மணல்திட்டு அடைத்திருக்கும்போது மழைநீர் கடலைவிட உயர்ந்து நிற்கும், தொடுவாய் வெட்டினதும் சடுதியாக இறங்கும்.

கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள்ளும், அகற்றி முடிந்ததென்று உறுதியில்லாத பற்றைக்குள்ளும் கால் வைக்க வேண்டாம். மட்பாண்டத் துண்டோ கற்கருவியோ கண்டால் கிடந்த இடத்திலேயே விட்டு, அளவுகோலோடு படமெடுத்து, வெட்டுமுகமென்றால் மேலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், எந்த நிற மண் என்று எழுதி, மட்டக் கணக்கையும் சேர்த்து யாழ் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ கொடுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி எடுத்துப் போவது குற்றம். அதோடு, இடம்விட்டு எடுத்த துண்டுக்கு உயரம் கிடையாது, அதைப் பிறகு எவராலும் திரும்ப அளக்க முடியாது.